உள்ளே மாவு

பழைய இரும்புக் கடை சியாத் நானா
தராசில் வைத்ததைத் திரும்ப எடுத்தார்.
"வெண்கலமில்ல மிஸ், தோல் மட்டுந்தான்.
உள்ள மாவு."
முன்னங்கால் உடைந்த கரடி.
உடைந்த இடத்தில் வெள்ளை.

எனக்கு அந்த வெள்ளையைத் தெரியும்.
ஹட்டனில், பேக்கரிக்கு மேல்மாடியில்
பதினோரு வருஷமாக அதைத்தான் குழைக்கிறேன்:
மேல்தாடை, கீழ்தாடை,
வெற்றிலைக் கறை ஏறாத ஊரார் வாய்கள்.
"காசு வேணாம், கொண்டு போங்க" என்றார்.
ஒரு காலுக்குக் காசு கொடுத்திருக்கலாம்.
கொடுக்கவில்லை.

பிறகு கொட்டகலையில்
காது மட்டும் பச்சை பிடித்த வேட்டைநாய்.
லிந்துலையில், பங்களாவை ஹோட்டலாக்கியவர்கள்
பெட்டியோடு வெளியே வைத்த கூழைக்கடாக்கள்,
ஒன்றுக்கு அலகில்லை.
வாங்குமுன் நகத்தால் தட்டுவேன்.
முழு வெண்கலம் கோயில் மணிபோல இழுக்கும்.
இவை 'டொக்' என்று
சொல்ல வந்ததை விழுங்கிவிடும்.
அந்த விழுங்கலுக்காகத்தான் வாங்குகிறேன்.

போலி என்கிறார்கள்.
பல்லுக்கு உறை போட்டால்
அதை யாரும் போலி என்பதில்லை.

மழைக்காலம்தான் கஷ்டம்.
பனிமூட்டம் ஜன்னலால் வந்து
எந்த விரிசலிலும் வாய் வைத்துக் குடிக்கும்.
பல்மெழுகை உருக்கி அடைப்பேன்.
இரவில் எல்லாவற்றுக்கும்
அரிசி போட்ட பிஸ்கட் டின்.

யானையைச் சொல்லவில்லையே.
நெற்றியால் முட்டித் தள்ளுகிற யானை,
புத்தக வரிசை சாயாமலிருக்கச் செய்தது.
இணை எங்கேயோ போய்விட
நாலு வருஷம்
என் அலுமாரியில் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

பல்செட் கட்ட வந்த மாரக்கா
வாய் நிறைய அச்சுக்கலவையோடு
திடீரென்று விரலை நீட்டினார்.
"ங்ஙா... ங்ஙா..."
"அசையாதீங்க அக்கா."
மூன்று நிமிஷம் அந்த விரல் இறங்கவில்லை.
கலவை இறுகி, தட்டை எடுத்ததும்
எச்சிலைத் துடைக்காமலே சொன்னார்:
"இதே ஆனை எங்க லயத்துல
கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கு."

மஸ்கெலியா பஸ். அங்கிருந்து நடை.
சவரிமுத்து மேசன் பாஸ்
யானையைக் கவிழ்த்துக் காட்டினார்.
அடியில் சாம்பல் நிறம், கரணை தேய்த்த வழவழப்பு.
"இந்தக் காத்துக்கு நிக்கல மிஸ்.
உள்ள மாவு ஊறிக் கெடந்துச்சு.
சுரண்டி எறிஞ்சிட்டு
ஒண்ணுக்கு மூணு போட்டு இறுக்கினேன்.
இப்ப தட்டிப் பாருங்க."
தட்டினேன்.
சத்தமே இல்லை.

அரைநிமிஷம் பேச முடியவில்லை எனக்கு.
அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.
விலை கேட்டேன்.
"தோலு நாங்க வாங்கினதில்ல,
அதுக்கு எப்பிடிக் காசு கேக்குறது?
சீமெந்து எங்காசு."
ஒரு சட்டி சீமெந்து, அரைச்சட்டி மணல்,
அரைநாள் கூலி என்று விரல்விட்டு எண்ணி
நூறு ரூபாயைத் தள்ளியும் கொடுத்தார்.
நான் செருப்பு மாட்டுவதற்குள்
கதவுக்கு ஒரு கல் வந்துவிட்டது.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
நோர்வூட் வருமுன் தொடை மரத்துப்போனது.
பக்கத்தில் இருந்தவர்
"சாமியா?" என்றார்.
இல்லை என்று சொல்ல
ஏன் அவ்வளவு நேரமெடுத்தேன் தெரியவில்லை.

இப்போது இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன.
ஒரே நெற்றிச் சுருக்கம், ஒரே மடிந்த காது.
நடுவில் வைக்க என்னிடம் புத்தகமில்லை.
செய்யச் சொல்லிவிட்டு
எடுக்க வராதவர்களின் தாடைகளை அடுக்கினேன்:
பதினேழு வாய்.
ஒருவர் கொழும்புக்கு. ஒருவர் குவைத்துக்கு.
மற்றவர்களைக் கேட்கவில்லை.

கொழுந்து லொறி கீழே திரும்பும்போதெல்லாம்
அலுமாரி லேசாக நடுங்கும்.
சீமெந்து யானை ஒரு நூல் முன்னே வரும்,
பதினேழு வாயும் நெருங்கிக் கடிக்கும்,
மாவு யானை விளிம்புக்குப் போகும்.

காலையில் கடை திறந்ததும்
முதல் வேலை அதைத் தள்ளி வைப்பது.
கனமானதை அல்ல,
அது அசையாது.